ஸ்டாண்டர்டு ஹெரால்டு பின்பக்க வேலை: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

ஹெரால்டின் பின்பக்கத்தில் கை வைப்பவர் முதலில் ஒன்றை மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும். இந்த வண்டியில் உயரமும் சக்கரச் சாய்வும் தனித்தனி விஷயங்கள் அல்ல. பின்பக்கம் ஏறினால் சக்கரத்தின் அடி உள்ளே மடங்கும். இறங்கினால் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அம்பாசடரிலோ பத்மினியிலோ இப்படி இல்லை. அவற்றின் பின் ஆக்சில் இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம்வரை ஒரே கட்டு. கமான் ஸ்பிரிங்கில் பட்டை கூட்டினாலும் குறைத்தாலும் சக்கரம் நிமிர்ந்தேதான் நிற்கும். அந்தக் கைப்பழக்கத்தோடு ஹெரால்டைத் தொட்டதால் கெட்ட வண்டிகள்தான் இன்று பட்டறைக்கு வருகிற ஹெரால்டுகளில் அதிகம்.

1959-இல் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டாக அறிமுகமாகி, 1961 முதல் சென்னையை ஒட்டிய வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸில் உருவான கார் இது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கெலோட்டி வரைந்த பாடி, 948 சி.சி. என்ஜின், அடியில் தனி சேஸிஸ். பின்னால் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. அதன் தலையில் குறுக்காக ஒரே ஒரு கமான் பட்டைக் கட்டு. இரண்டு பக்கமும் ஆக்சில் ஷாஃப்ட். ஒவ்வொன்றுக்கும் உள்முனையில் மட்டும் ஒரு கிராஸ் ஜாயிண்ட் (யுனிவர்சல் ஜாயிண்ட்). வெளிமுனையில் ஜாயிண்ட் கிடையாது. அதனால் ஷாஃப்ட் எந்தக் கோணத்தில் தொங்குகிறதோ அதே கோணத்தில்தான் சக்கரமும் சாயும். ஸ்விங் ஆக்சில் என்பது இதுதான். நம் ஊர் உரிமையாளர்களுக்கும் மெக்கானிக்குகளுக்கும் இது பிடிக்கவில்லை. 1970-களின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெசல் ஒரே கட்டான ஆக்சிலுக்கு மாறிவிட்டது. ஆனால் சரியாகப் பூட்டிய ஸ்விங் ஆக்சில் நல்ல பின்பக்கம்தான். அதைச் சரியாகப் பூட்டாமல் ஓட்டுவதுதான் ஆபத்து.

எதையும் அளப்பதற்கு முன்

ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளக்காதீர்கள். தூக்கும்போது இரண்டு சக்கரமும் அடியில் உள்வாங்கித் தொங்கும். இறக்கினாலும் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்கும். பின்பக்கம் மலைபோல் தூக்கியிருக்கும். புது ஸ்பிரிங் போட்ட அன்றே “உயரம் தப்பு” என்று திருப்பிக் கொடுக்கப்படுகிற ஸ்பிரிங்குகளில் பல, இந்த நிலையில் பார்த்துத் தீர்ப்பு சொல்லப்பட்டவை. வண்டியை முன்னும் பின்னுமாக ஐந்தாறு மீட்டர் உருட்டி, பின் பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, பிறகு அளவெடுங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், பெட்ரோல் பாதி டேங்காவது இருக்கட்டும், முன் சீட்டில் இரண்டு பேர் உட்காரட்டும்.

கேம்பர், அதாவது சக்கரச் சாய்வு, அளக்கப் பெரிய மிஷின் தேவையில்லை. சமதளத்தில் நிறுத்தி, தூக்குக்குண்டு நூலை மட்கார்டு விளிம்பிலிருந்து சக்கரத்துக்கு வெளியே தொங்கவிடுங்கள். ரிம்மின் மேல் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், கீழ் விளிம்புக்கும் நூலுக்கும் உள்ள தூரம், இரண்டையும் எடுங்கள். 13 அங்குல ரிம்மில் விளிம்புக்கு விளிம்பு ஏறத்தாழ 350 மி.மீ.; அந்த நீளத்துக்கு 6 மி.மீ. வித்தியாசம் இருந்தால் ஒரு டிகிரி. இரண்டு பேர் உட்கார்ந்த நிலையில் சக்கரம் நேராகவோ, தலை ஒன்றிரண்டு டிகிரி உள்ளே சாய்ந்தோ இருப்பதைத்தான் நான் குறி வைப்பேன்.

பின்பக்கம் தூக்கி நிற்கிறது, சக்கரம் அடியில் உள்வாங்கியிருக்கிறது

உருட்டிய பிறகும் அப்படியே நின்றால், முதல் சந்தேகம் யாரோ பட்டை கூட்டியிருக்கிறார்கள் என்பது. குடும்பத்தோடு பயணம், டிக்கி நிறைய சாமான், மோசமான சாலை. பின்பக்கம் தட்டுகிறது என்றவுடன் லாரிக் கமான் போல ஒரு பட்டையைச் சேர்த்துவிடுவார்கள். தட்டுவது நின்றுவிடும். ஆனால் தனியாக ஓட்டும்போது சக்கரம் டயரின் வெளிவிளிம்பில் நிற்கும். டயரைக் கையால் தடவிப் பாருங்கள்: வெளிப்பக்கக் கட்டைகள் வழுவழுவென்று தேய்ந்து, உள்பக்கம் புதிதுபோல் இருந்தால் விடை அங்கேயே இருக்கிறது.

கூட்டிய பட்டையை எடுத்துவிடுங்கள். பின் சீட்டைத் தூக்கினால் தரையில் ஒரு மூடித் தகடு தெரியும். அதைக் கழற்றினால் டிஃபரன்ஷியல் தலையில் பட்டைக்கட்டை இறுக்கியிருக்கும் நட்டுகள் கைக்கு வரும். வண்டியை சேஸிஸின் நடுத் தண்டில் ஸ்டாண்டு வைத்து நிறுத்துங்கள். பாடியிலோ, சேஸிஸிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஓரக் கைகளிலோ ஸ்டாண்டு வேண்டாம்.

இந்த இடத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஹெரால்டில் ஆக்சில் எவ்வளவு கீழே தொங்கலாம் என்பதைத் தீர்மானிப்பது ஷாக் அப்சார்பர்தான். வேறு தடை இல்லை. ஆக்சிலின் வெளிமுனையில் சக்கரத்தைத் தாங்கும் வெர்டிகல் லிங்குக்கு அடியில் ஜாக்கி கொடுக்காமல் ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றினால், ஆக்சில் சட்டென்று கீழே போய் கிராஸ் ஜாயிண்டை முறுக்கும். பிரேக் ஹோஸையும் இழுத்துவிடும். முதலில் ஜாக்கி, அப்புறம் ஷாக் போல்ட், அப்புறம் பட்டை முனை வளையத்திலுள்ள கண் போல்ட். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

கண் போல்ட் வராது. வருடக்கணக்காக மழைநீர் குடித்து, புஷ்ஷின் உள்குழாயோடு ஒட்டிப்போயிருக்கும். சம்மட்டியால் அடித்தால் வெர்டிகல் லிங்கின் காது விரிசல் விடும். லிங்குக்கும் பட்டைக் கண்ணுக்கும் நடுவே ஆக்சா பிளேடை விட்டு போல்ட்டின் இரண்டு பக்கமும் அறுத்து எடுப்பதுதான் கடைசியில் மலிவான வழி. திரும்பப் பூட்டும்போது போல்ட்டுக்கு நல்லாக கிரீஸ் தடவுங்கள். அடுத்து கழற்றுகிறவர் உங்களை வாழ்த்துவார்.

கழற்றிய பட்டைகளைத் தனித்தனியாகப் பிரியுங்கள். பட்டை முனைகளுக்கு நடுவே சிறு பொத்தான் திண்டுகள் இருக்க வேண்டும். பெரும்பாலும் அவை அரைந்து போய், இரும்பும் இரும்பும் உரசி, முனை அடிப்பட்டையில் குழி பறித்திருக்கும். குழி விழுந்த பட்டை அந்த இடத்தில்தான் ஒருநாள் உடையும். துருவைச் சுரண்டி, திண்டை மாற்றிக் கட்டினாலே பல வண்டிகளில் “ஸ்பிரிங் முரட்டுத்தனமாக இருக்கிறது” என்ற புகார் தீர்ந்துவிடுகிறது. புது ஸ்பிரிங்குக்குப் பணம் கொடுப்பதற்கு முன் இதைச் செய்யுங்கள்.

கூடுதல் பட்டை எதுவும் இல்லாமலே தூக்கி நின்றால், யாரோ கமான் பட்டறையில் கொடுத்து அதிகம் வளைத்திருக்கிறார்கள். அங்கேயே கொடுத்து வளைவைக் குறைக்கலாம். ஆனால் காய்ச்சி அடித்த பட்டைக்கு மறுபடி சரியாகப் பதம் ஏற்றாவிட்டால் ஓர் ஆண்டில் தொய்ந்துவிடும். பதம் ஏற்றத் தெரிந்த இடம்தானா என்று விசாரித்துவிட்டுக் கொடுங்கள்.

வளைவில் பின்பக்கம் வெளியே ஓடுகிறது

வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த அந்த நொடியில் பின்பக்கம் தூக்கிக்கொண்டு வெளியே போனால், அதுதான் ஸ்விங் ஆக்சிலின் பெயர்போன குணம். எடை முன்னால் போகிறது, பின்பாடி எழுகிறது, வெளிச் சக்கரத்தின் அடி உள்ளே மடங்குகிறது. டயர் தரையைப் பக்கவாட்டில் தள்ளத் தள்ள பாடி இன்னும் எழும். ஒருமுறை தொடங்கினால் தானாகவே பெருகும் வட்டம் இது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் காலை நிதானமாக வைத்திருப்பது எந்த உதிரிபாகத்தையும்விட முக்கியம்.

வண்டியில் என்ன மாற்றலாம்? மூன்று வழிகள் உண்டு.

எளிதானது, டிஃபரன்ஷியலுக்கும் பட்டைக்கட்டுக்கும் நடுவே அலுமினியக் கட்டை வைத்துத் தாழ்த்துவது. கிராஸிலிருந்து சக்கர மையம்வரை ஏறத்தாழ அரை மீட்டர்தான். எனவே 25 மி.மீ. இறக்கினாலே சக்கரம் கிட்டத்தட்ட 3 டிகிரி சாயும். இதனால்தான் ஓர் அங்குலத்துக்கு மேல் போக வேண்டாம் என்கிறேன். கட்டை வைத்தால் நீளமான ஸ்டட் கட்டாயம். பழைய ஸ்டட்டிலேயே நட்டு இரண்டு மரை பிடித்தால் போதும் என்று விட்டுவிடுவது உயிரோடு விளையாடுவது.

இரண்டாவது, 1970-இன் இறுதியில் வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் மார்க் 4 ஸ்போர்ட்ஸ் காரின் ஸ்விங் ஸ்பிரிங். அதில் ஒரே ஒரு பட்டைதான் டிஃபரன்ஷியலோடு இறுகியிருக்கும். மற்றவை ஒரு பெட்டிக்குள் ஊசலாடும். வண்டி சாயும்போது ஸ்பிரிங் எதிர்க்காது, அதனால் பாடியைத் தூக்கும் விசையும் குறைகிறது. என் கணிப்பில் சாலையில் ஓடும் ஹெரால்டுக்கு இதுவே ஆகச் சிறந்த தீர்வு. ஆனால் பின்பக்கம் சாய்வை எதிர்ப்பதை விட்டுவிட்டதால் அந்த வேலையை முன்பக்கம் எடுத்துக்கொள்ள வேண்டும். முன் ஆன்ட்டி ரோல் பாரைத் தடிமனாக மாற்றியே ஆக வேண்டும். ஸ்பிரிங்கை மட்டும் மாற்றி, பாரை மறந்துவிட்டு, “வண்டி படகுபோல் சாய்கிறது” என்று சொல்லிப் பயனில்லை. அதற்கென்று உள்ள பெட்டியும் ஸ்டட்டுகளும் வேண்டும். பின் சீட்டுக்கு அடியிலுள்ள மூடித் தகடு பெட்டியில் இடிக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அடியில் இரண்டு வெர்டிகல் லிங்கையும் குறுக்குப் பட்டையால் பிணைக்கும் கேம்பர் காம்பன்சேட்டர். பந்தய வண்டிகளில் வேலை செய்கிறது. நம் ஊர் வேகத்தடைகளில் அந்தப் பட்டை முதலில் தரையைத் தொடும். நான் பரிந்துரைப்பதில்லை.

கெசலின் ஆக்சிலை எடுத்து ஹெரால்டில் போடலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். அது பூட்டிக் கழற்றும் வேலை இல்லை. சேஸிஸையே வெட்டி ஒட்டும் வேலை. அதன் சட்டச் சிக்கல் கடைசியில் வருகிறது.

தாழ்த்திய பிறகு டயர் உரசுகிறது

எங்கே உரசுகிறது என்று ஊகிக்காதீர்கள். டயரின் தோளில் சாக்பீஸைச் சுற்றிலும் பூசி, பின் சீட்டில் மூன்று பேரை ஏற்றி, வேகத்தடை மேல் ஏற்றி இறக்குங்கள். சாக்பீஸ் எந்தத் தகட்டில் ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் இடம் பற்றவில்லை.

ஸ்விங் ஆக்சிலில் சக்கரம் ஏறும்போது தலை உள்ளே போவதால், நல்ல அளவு டயர் வெளி விளிம்பைத் தொடாமல் தப்பிவிடும். அகலமான ரிம் போட்டவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. சக்கர ஆர்ச் விளிம்பை மடித்துவிடலாம் என்று டிங்கர் சொல்வார். அந்த விளிம்பு வெளித்தகடும் உள்தகடும் ஸ்பாட் வெல்டிங்கில் சேரும் இடம். வெட்டி எடுத்தால் இரண்டு தகடும் பிரிந்து நிற்கும், இடுக்கில் சேறு புகும், இரண்டு மழைக்காலத்தில் ஆர்ச் மொத்தமும் உதிரும். மடிப்பதாக இருந்தால் பெயின்டைச் சூடாக்கி மரக்கட்டையால் மெதுவாக, பல சுற்றாக மடியுங்கள். வெட்டுவதாக இருந்தால் முதலில் தொடர்ச்சியாக வெல்டு வைத்துவிட்டு, பிறகு வெட்டுங்கள்.

உரசல் இல்லை, ஆனால் பள்ளத்தில் ‘டங்’ என்று இரும்புச் சத்தம் என்றால் ஷாக் அடிமட்டம் தொடுகிறது. தாழ்த்திய வண்டிக்குப் பழைய நீள ஷாக் பொருந்தாது. அப்படியே ஓட்டினால் சேஸிஸிலுள்ள ஷாக் மேல்தாங்கி கிழியும். ஏற்கெனவே ஓட்டியிருந்தால் தாங்கியின் அடியை வயர் பிரஷால் சுத்தம் செய்து, முடி இழைபோல் ஓடும் விரிசல் உண்டா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது

மட்கார்டு விளிம்பிலிருந்து தரைவரை அளந்து முடிவுக்கு வராதீர்கள். சேஸிஸ் தண்டிலிருந்தும் தரைவரை இரண்டு பக்கமும் அளங்கள். சேஸிஸ் மட்டமாக இருந்து பாடி மட்டும் சாய்ந்திருந்தால் ஸ்பிரிங்குக்கு இதில் சம்பந்தமே இல்லை; பாடி மவுண்டிங் ரப்பரோ ஷிம்மோ (மெல்லிய இடைத்தகடு) போயிருக்கிறது.

சேஸிஸும் சாய்ந்திருந்தால், முன் குறுக்குத் தண்டின் நட்ட நடுவில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைச் சற்றே தூக்குங்கள். இப்போது பின்பக்கம் மட்டமாகிவிட்டால் குற்றவாளி முன்னால் உள்ள காயில் ஸ்பிரிங். அதன் தொய்வைத்தான் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அப்போதும் பின்பக்கம் சாய்ந்தே இருந்தால்தான் கமான் பட்டையைக் குறை சொல்லலாம்.

கிளட்ச் விடும்போது ‘டொக்’

உள் கிராஸ் ஜாயிண்ட். பத்தில் எட்டு இதுதான். கப் ஓரத்தில் செங்கல்பொடி நிறத்தில் தூள் படிந்திருந்தால் ஊசி பேரிங் காய்ந்து துருவாகிவிட்டது என்று பொருள்; பிரித்துப் பார்க்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். பிளேஞ்சின் நான்கு போல்ட்டுக்கும் புது லாக் நட்டு போடுங்கள். கிராஸ் நன்றாக இருந்தால் டிஃபரன்ஷியல் மவுண்டிங் ரப்பர்கள், பிறகு பின் சீட்டுக்கு அடியிலுள்ள பட்டைக்கட்டு நட்டுகள், பிறகு புரப்பல்லர் ஷாஃப்ட் கிராஸ்.

நேர்ச் சாலையில் வால் தானாகத் திரும்புவதுபோல் இருக்கிறது

ஸ்டியரிங் பாக்ஸை அட்ஜஸ்ட் செய்ய ஓடாதீர்கள். பின் சக்கரத்தைத் தூக்கி, கடிகாரத்தின் மூன்று மணி, ஒன்பது மணி இடங்களில் பிடித்து முன்பின்னாக ஆட்டுங்கள். ஒருவர் அடியில் படுத்து வெர்டிகல் லிங்கின் கீழ்முனையைப் பார்க்கட்டும். அங்கே நைலான் புஷ்ஷும் உள்ளே இரும்புக் குழாயும் இருக்கின்றன. புஷ் தேய்ந்திருந்தால் சக்கரம் திசை மாறும். காஸ் கொடுத்தால் ஒரு பக்கம், விட்டால் மறுபக்கம். சக்கரம் முன்பின்னாக நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்மின் புஷ்ஷும் இதே வித்தை காட்டும்.

புஷ் எல்லாம் புதிதாகப் போட்ட பிறகும் வண்டி ஒரு பக்கம் இழுத்தால், ரேடியஸ் ஆர்ம் பிராக்கெட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவிலுள்ள ஷிம்களைப் பாருங்கள். பின் சக்கரத்தின் டோ அளவு, அதாவது அது நேர்த்திசையிலிருந்து உள்ளே வெளியே திரும்பி நிற்கும் அளவு, அந்த ஷிம்களில்தான் இருக்கிறது. கழற்றும்போது எந்தப் பக்கம் எத்தனை என்று எழுதி வைக்காமல், திரும்பக் கைக்கு வந்ததைப் போட்டுப் பூட்டியிருப்பார்கள். இரண்டு பக்கமும் நூல் கட்டி அளந்து சரி செய்யுங்கள்.

பின்னால் உறுமல்

வேகத்தோடு ஏறும் உறுமல், சக்கரப் பேரிங். வெளிப்பக்க ஊசி பேரிங் ஷாஃப்ட்டின் மேலேயே நேராக ஓடுகிறது, உள்வளையம் கிடையாது. ஆகவே பேரிங்கை மாற்றும்போது ஷாஃப்ட்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டினால் புதுப் பேரிங்கும் சீக்கிரமே போகும். ஷாஃப்ட்டையும் மாற்ற வேண்டும்.

ஹப் கூம்பு வடிவ ஷாஃப்ட்டில் சாவி போட்டு இறுகியிருக்கும். சாதாரண மூன்று கால் புல்லரில் இழுத்தால் ஹப் பிளேஞ்சு வளையும். சக்கர ஸ்டட்டுகள் எல்லாவற்றிலும் பிடிக்கும் கனமான புல்லரை மாட்டி, இறுக்கி, அப்படியே இரவு முழுக்க விட்டுவிடுவது நல்லது. ஷாஃப்ட் முனையில் சுத்தியல் படவே கூடாது. முனை காளான் போல விரிந்துவிடும்.

கதவு இடிக்கிறது, இடைவெளி ஒரே சீராக இல்லை

சஸ்பென்ஷன் வேலைக்கு வந்த வண்டியில் இதை நான் முதலிலேயே பார்த்துவிடுவேன். ஏனென்றால் சேஸிஸ் தொய்ந்திருந்தால் மேலே சொன்ன அளவுகள் எதற்கும் அர்த்தம் இல்லை.

ஹெரால்டின் பாடி ஒரே கூடு அல்ல. முன்னால் திறக்கும் பானெட் ஒன்று, டாஷ்போர்டுப் பகுதி ஒன்று, பின் தொட்டி ஒன்று. எல்லாம் போல்ட்டில் சேஸிஸ் மேல் உட்கார்ந்திருக்கின்றன. சேஸிஸின் நடுத் தண்டுகள் கெட்டியானவை. அவற்றிலிருந்து பக்கவாட்டில் நீளும் ஓரக் கைகளும், கதவுக்கு அடியில் ஓடும் ஓரத் தண்டும்தான் துருவுக்கு இரையாகின்றன. டிக்கிக்கு அடியில் நீளும் கைகள் இன்னும் மோசம். சேறு அங்கே தங்கிவிடும்.

ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். தார் பூச்சுக்கு அடியில் ஓரக் கை அட்டைபோல் நொறுங்கினால் மாற்ற வேண்டியதுதான். மேலே தகடு வைத்து ஒட்டி, பட்டி பூசி, கறுப்பு அடித்துக் கொடுப்பதை ஏற்காதீர்கள். மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒரு கை. பாடியைக் கழற்றுவதற்கு முன் கதவு இடைவெளியில் இரும்புக் குழாய் வைத்து முட்டுக் கொடுங்கள். எல்லாக் கைகளையும் ஒன்றாக வெட்டிவிட்டால், பாடி எங்கே உட்கார வேண்டும் என்று சொல்ல வண்டியில் எந்த அடையாளமும் மிஞ்சாது. வெல்டிங்குக்கு முன் டிக்கியிலிருக்கும் பெட்ரோல் டேங்கைக் கழற்றி வெளியே எடுங்கள். காலி டேங்க் என்றாலும் எடுங்கள்; நிறைந்ததைவிட ஆவி நிரம்பிய காலி டேங்க்தான் வெடிக்கும்.

சேஸிஸ் நல்ல நிலையில் இருந்தால், கதவின் பின் மேல்மூலை நெருங்கி இடிப்பதை ஷிம்மாலேயே சரி செய்யலாம். பின் தொட்டியின் முன் மவுண்டிங், பின் மவுண்டிங் இவற்றில் ஷிம்மைக் கூட்டிக் குறைத்து, கதவு இடைவெளி மேலும் கீழும் ஒத்துவரும்வரை பொறுமையாகப் பாருங்கள். கதவுக் கீலை வளைப்பது வேண்டாம்.

இரண்டு கதவு வண்டியின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. அதைக் கழற்றித் திறந்த காராக ஓட்டும் ஆசை பலருக்கு உண்டு. கழற்றிய பின் பக்கவாட்டில் ஜாக்கி போட்டதும் கதவு தானாகத் திறந்துகொண்டால், சேஸிஸ் முறுக்குகிறது என்று அர்த்தம். கூரையைத் திரும்பப் பூட்டிவிட்டு, ஓரத் தண்டுகளைச் சரி செய்த பிறகு அந்த ஆசையைப் பற்றி யோசிக்கலாம்.

வெட்டி ஒட்டுவதற்கு முன் பேப்பர்

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. இன்னொன்று, 2021-இல் வந்த விதிகளின்படி முதல் பதிவு நடந்து 50 ஆண்டு தாண்டிய வண்டியை விண்டேஜ் வண்டியாகப் பதிந்து ‘வி.ஏ.’ வரிசை எண் வாங்கலாம். அதற்கு வண்டி மூல வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. ஹெரால்டுகள் எல்லாமே இப்போது அந்த வயதைத் தாண்டியவை. கட்டை, ஸ்விங் ஸ்பிரிங், ஆன்ட்டி ரோல் பார் போன்றவை கழற்றிப் பழையபடி மாட்டக்கூடியவை. பழைய பாகங்களைத் துணியில் சுற்றி, பெயர் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் தாங்கியை வெட்டுவது, வேறு ஆக்சிலுக்காக சேஸிஸில் புதுப் பிராக்கெட் ஒட்டுவது போன்றவை திரும்பாத வேலைகள். அவற்றைத் தொடங்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

எந்த மாற்றம் செய்தாலும், 500 கி.மீ. ஓடியதும் பின் சீட்டைத் தூக்கிப் பட்டைக்கட்டு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வண்டி எடையோடு தரையில் நிற்கும்போதே ரப்பர் புஷ் போல்ட்டுகளைக் கடைசி இறுக்கு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சில மாதத்தில் கிழிந்துவிடும்.